தேட்டம்: கிழக்கிலங்கை முஸ்லிம் தந்தையரும் அவர்கள் விட்டுச்சென்றவையும்

கிழக்கிலங்கையில் சொத்தைக் குறிப்பதற்கு இரண்டு சொற்கள் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வருகின்றன. ஒன்று முதுசொம், மற்றது தேட்டம். முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம். ஒருவன் தன் காலத்தில் தானே உழைத்துத் தேடிக்கொண்டது தேட்டம். மட்டக்களப்புப் பகுதியின் பழைய வழமையான முக்குவர் சட்டத்தை 1876ஆம் ஆண்டு கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக வெளியிட்டார். அந்த வழமையிலும் இவ்விரண்டும் வேறுவேறாகவே நோக்கப்பட்டன. இன்று நாம் மேடைகளில் 'முதுசொம்' என்ற சொல்லைப் பாரம்பரியம் என்ற பொருளில் பெருமையோடு பயன்படுத்துகிறோம். ஆனால் எந்த முதுசொமும் முதலில் யாரோ ஒருவருடைய தேட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார், அவர் எப்படித் தேடினார் என்ற கேள்வியை நாம் கேட்பது குறைவு. இக்கட்டுரை அந்தக் கேள்வி பற்றியது.

இலங்கை முஸ்லிம்களின் வரலாறு என்று நம்மவர் எழுதியவற்றைப் புரட்டிப் பார்த்தால் அறிஞர்கள், அரசியல்வாதிகள், பெரும் வணிகர்கள், கொடைவள்ளல்கள் ஆகியோரின் பெயர்களே மிகுதியாகக் காணப்படும். அவர்களை நினைவுகூர்வது நமது கடமை என்பதில் ஐயமில்லை. கொழும்பு நூதனசாலையை எடுத்துக்கொள்வோம். 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஸ்மிதர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். 1892இல் மருதானையில் தொடங்கப்பட்டு, பின்னர் ஸாஹிரா கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவின் தோற்றத்திலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. உழைப்பால் உயர்ந்து, பிள்ளைகளுக்கும் சமுதாயத்துக்கும் ஒரு பெயரை விட்டுச்சென்ற தந்தை அவர். அவர் பெயர் நிலைத்தது. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்தவர்களும் கல் சுமந்தவர்களும் தந்தையர்தாம். அவர்களுடைய பெயர்களை எந்தப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

நான் ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியன். அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் கிராமமொன்றில் பிறந்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, பிறந்த ஊருக்கு அண்மையிலேயே வரலாறு கற்பிக்கிறேன். எனது வாப்பா ஒரு விவசாயி. அவரைப் பற்றி மட்டும் எழுதினால் அது குடும்பக் கதையாகிவிடும். ஆனால் அவருடைய வாழ்க்கையில் நடந்தவை எமது கரையோரத்து வாப்பாமார் பலருடைய வாழ்க்கையிலும் நடந்தவையே. அதனால் அவரை ஒரு சான்றாக வைத்து இதனை எழுதுகிறேன்.

பெண்ணுக்கு வீடு, தாய்க்குக் குடி

கிழக்கு மாகாணத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக எமது வழக்கத்தைச் சிறிது விளக்க வேண்டும். இங்கு கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த வளவை விட்டுப் போவதில்லை. அவளுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் வாப்பா. மூத்த மகளுக்குக் கலியாணமானால் பெற்றோர் தாம் இருந்த வீட்டை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த வளவிலோ அதே வளவின் பின்புறத்திலோ ஒரு சிறு வீட்டுக்கு ஏனைய பிள்ளைகளுடன் நகர்வர். அந்தச் சிறு வீட்டைப் பெருப்பித்துக் கல்வீடாக்கும்போது அடுத்த மகள் வளர்ந்திருப்பாள். அதுவும் அவளுக்குப் போகும். மூன்று பெண்மக்களைப் பெற்றவர் தம் ஆயுளில் மூன்று வீடு கட்டுவார். முடிவில், கடைசி மகளின் வீட்டு அறையொன்றில் அவருக்கு ஒரு பாய் இருக்கும்.

குடி வழக்கமும் இதனோடு இணைந்ததே. அக்கரைப்பற்று, சம்மாந்துறை போன்ற ஊர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் என்ற முறையும் இருந்து வந்தது. அந்தக் குடி தாய்வழியே வருவது. என் குடி என் உம்மாவின் குடி. என் பிள்ளைகளின் குடி என் மனைவியின் குடி. தமிழ்ச் சகோதரர்களுக்கும் எமக்கும் பொதுவான இந்த அமைப்பைப் பற்றி, அக்கரைப்பற்றில் நெடுங்காலம் தங்கி ஆய்வு செய்த டென்னிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார். கிழக்கிலங்கைப் பெண்கள் பற்றி 2006இல் வெளிவந்த கஞ்சனா ருவன்புரவின் நூலும் இவ்விடயத்தை ஆராய்கின்றது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு விடயம் புலனாகும். வாப்பாவின் வீடு மகளுக்குப் போகிறது. வாப்பாவின் குடி அவருடைய பிள்ளைகளுக்கு வருவதில்லை. எமது பெயர்களுக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்துத்தான் அவருக்கென்று எஞ்சுவது. பாடசாலை இடாப்பில் நான் பெயர் கூப்பிடும்போது எம்., ஏ.எல்., எஸ்.எம். என்று வரிசையாக வரும் எழுத்துகள் அனைத்தும் உழைத்துக் களைத்த தந்தையரின் சுருக்கங்களே. அந்த எழுத்தை விரித்துச் சொல்லும்படி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதற்கு மேலே உள்ள மூத்தவாப்பாவின் பெயரைக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள்.

வயலும் வாய்க்காலும்

ஒரு வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? எமது கரையோரத்தில் மீன்பிடி உண்டு. மருதமுனையில் நெசவு உண்டு. வணிகமும் உண்டு. ஆனாலும் பெரும்பாலானோருக்கு வேளாண்மைதான். எங்கள் பேச்சில் வேளாண்மை என்றால் நெற்பயிர்தான். வேறு பயிர் எதுவும் அந்தப் பெயரைப் பெறுவதில்லை.

இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் வெளிநாட்டு அரிசி வரவு குறைந்தபோது உள்ளூர் உணவு உற்பத்தியைப் பெருக்கும் தேவை ஏற்பட்டது. அப்பணிக்காக 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவரே பின்னாளில் ஸாஹிரா அதிபராகப் புகழ்பெற்ற ஏ.எம்.ஏ. அஸீஸ். அக்காலத்தில் காடு வெட்டிக் களனியாக்கப்பட்ட நிலங்களைப் பற்றி எமது மூத்தவாப்பாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்பகுதி விவசாயக் குடும்பங்களின் நிலையை நேரில் கண்ட அஸீஸ் அவர்கள், 1945இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் உருவாக முன்னின்றார் என்பதும் நினைவுகூரத்தக்கது. காடு வெட்டியவர்களின் வியர்வைக்கும் நமது கல்வி வரலாற்றுக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கிறது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த பெரிய மாற்றம் கல்லோயாத் திட்டம். 1949இல் அதற்கென ஒரு சபை அமைக்கப்பட்டது. அமெரிக்கக் கம்பனியொன்று இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. வானம் பார்த்து ஒருபோகம் செய்த வயல்களில் பல, வாய்க்கால் நீரால் இருபோகம் காணத் தொடங்கின. 1938இல் பிறந்த எனது வாப்பா, பன்னிரண்டு பதின்மூன்று வயதில், வாய்க்கால் வெட்டியவர்களுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலைக்குப் போனாராம். அவர் வாங்கிய முதற்கூலி அது. பின்னர் போடியார் ஒருவரின் வயலில் வயற்காரராகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் முல்லைக்காரராக இருந்தார். மிச்சம் பிடித்துக் குத்தகைக்கு எடுத்து, ஈற்றில் இரண்டரை ஏக்கரைச் சொந்தமாக்கினார். இதற்கு அவருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

அந்த இருபது ஆண்டுகளில் ஒரு போகம் என்பது என்ன என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசியில் மழை விழுந்ததும் எருமைகளை விட்டு மிதிக்க வைத்து வயலைச் சேறாக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூன்று புசல் விதைநெல்லை ஊறவைத்து, முளைகட்டி, வீசி விதைக்க வேண்டும். வரம்பு கட்ட வேண்டும். வக்கடையில் நின்று தண்ணீர் காக்க வேண்டும். எமது காணிகள் வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தமையால், மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்த பின்னரே நீர் வரும். அது பெரும்பாலும் நடுச்சாமத்தில்தான் வரும். கதிர் முற்றினால் பன்றிக்கும் யானைக்கும் காவல். வெட்டிக் கட்டிச் சூடு வைத்து, களவெட்டியில் மாடு வளைத்துச் சூடடித்து, காற்று வரும் நேரம் பார்த்துத் தூற்ற வேண்டும். மாதக்கணக்கில் வாடிதான் வீடு. இன்று வெட்டு மெசின் வந்து ஒரு மணித்தியாலத்தில் முடித்துப் போகிற வேலை அது. களவெட்டியில் பேசப்பட்ட தனிச்சொற்கள் பல இன்று எமது வாயில் இல்லை. உழைக்கும் முறை மாறும்போது ஒரு மொழியும் சேர்ந்து மறைகின்றது.

இங்கு சட்டம் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். அரச குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டன. அந்தக் காணியை நினைத்தபடி துண்டாட முடியாது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிடில் மகளுக்கு முன்னால் மகனை வைக்கும் ஓர் ஒழுங்கு அதன் அட்டவணையில் இருந்தது. அந்தப் பாகுபாடு நீங்குவதற்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. பெண்மக்களுக்குப் பகிர்ந்து கொடுத்தே பழகிய தந்தையருக்கு இது புதியதொரு சங்கடமாயிற்று. காணியை ஒருவர் பேரில் எழுதிவிட்டு, விளைச்சலை வாய்ப்பேச்சில் எல்லாருக்கும் பங்கிட்டவர்கள் பலர். அந்த வாய்ப்பேச்சு அவர்கள் உயிரோடு இருந்தவரை நின்றது. அவர்கள் மவுத்தான பின் சில குடும்பங்களில் அதுவே வழக்காகி நீதிமன்றப் படியேறியது.

மூன்று வீடுகள்

வாப்பாவின் முதலாவது வீடு, வரிச்சுக் கட்டி மண் வைத்து, கிடுகால் வேய்ந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியில் அதன் கூரை போயிற்று. அந்தச் சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் தென்னந்தோட்டங்களை ஓரிரவில் அழித்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வளவில் நின்ற தென்னைகளில் மூன்றுதான் எஞ்சினவென்று உம்மா சொல்வார். நான் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. விழுந்த தென்னைகளை அறுத்து வளையும் தீராந்தியும் ஆக்கி, அதே வளவில் கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டார் வாப்பா. 1984இல் அது மூத்த ராத்தாவுக்குச் சீதன வீடாயிற்று.

இரண்டாவது வீடு பாதியில் நின்றபோது 1990 வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை நிகழ்ந்தது. அக்காலத்தில் தமிழ்க் கிராமங்களும் தாங்கொணா இழப்புகளைச் சந்தித்தன. இரு சமூகத்துத் தந்தையரும் வயலுக்குப் போகும் பாதையை இழந்தனர். ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சினர். எங்கள் இரண்டரை ஏக்கர் பல போகங்கள் தரிசாகக் கிடந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வாப்பா, துவிச்சக்கர வண்டியின் பின்னால் பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கினார். வேளாண்மைக்காரனுக்கு மீன் விற்பது கௌரவக் குறைவு என்று கருதப்பட்ட ஊர் அது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த மீன்பெட்டியிலிருந்துதான் இரண்டாவது வீட்டின் கூரை ஓடு வந்தது. எனது பாடசாலைக் கொப்பிகளும் அதிலிருந்தே வந்தன.

மூன்றாவது வீடு 2001இல் கடற்கரைப் பக்கத்து வளவில் எழுந்தது. கடைசி ராத்தாவுக்கு உரியது. வாப்பாவும் உம்மாவும் அங்கேயே இருந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் வந்தபோது வாப்பா வயலில் இருந்தார். உம்மாவும் ராத்தாவும் பிள்ளைகளும் ஓடித் தப்பினர். வீடு அத்திவாரத்தோடு நின்றது. அந்த ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலான ஊர்களில் கடலோரத்து வீதிகள் தெருத்தெருவாக அழிந்தன. அங்கே அழிந்தவை வெறும் வீடுகளாக இருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தந்தையின் இருபது ஆண்டு உழைப்பு. ஒரு பெண்ணின் பேரில் எழுதப்பட்ட சொத்து.

அதன் பின் நடந்தது எமது வரலாற்றில் பதியப்பட வேண்டிய ஒன்றாகும். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கிழக்கில் முதலில் அறிவிக்கப்பட்டது. பிற்பாடு அது தளர்த்தப்பட்டாலும் அந்த இடைக்காலத்தில் பலர் வளவையும் இழந்த நிலையில் நின்றனர். மாற்று வீடு தரும் படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கூடு இருந்தது. அதில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. பெண்ணின் பேரில் இருந்த சீதன வீடு கடலோடு போக, ஆணின் பேரில் புதிய வீடு வந்தது. எனது ராத்தாவின் படிவத்தையும் ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் நிரப்பினர். வாப்பா அங்கு போய், "அது என்ட மகளுக்கு நான் குடுத்த வீடு. அவட பேரத்தான் போடோணும்" என்று நின்றார். மூன்று தடவை போனார். நான்காம் தடவை இருவர் பேரும் எழுதப்பட்டன. எல்லாப் பெண்களுக்கும் அப்படி வாதாட ஒரு வாப்பா உயிரோடு இருக்கவில்லை.

கொப்பியில் உள்ளது

கடல் கொண்டுபோகாத ஒன்று இருந்தது. வாப்பா தமது கணக்குக் கொப்பியை வாடியில் ஒரு தகரப்பெட்டிக்குள் வைத்திருந்தார். 2013இல் அவர் மவுத்தான பின் அது என்னிடம் வந்தது. நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவரின் கையெழுத்து. விதைநெல், வெட்டுக்கூலி, உழவுக்கூலி, பசளை. சீமெந்துப் பக்கெற் இத்தனை. மேசனுக்கு இவ்வளவு. ஓடாவிக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. கடன் வாங்கிய இடங்கள், கொடுத்துத் தீர்த்த திகதிகள். தீர்த்த கடனின் மேல் ஒரு கோடு. 1990இலிருந்து சில பக்கங்களில் நெல் இல்லை, மீன் மட்டும். சூடை, கீரி, பாரை என்று இறாத்தல் கணக்கு. 2005இல் மீண்டும் சீமெந்து வருகிறது.

எங்கும் ஒரு புலம்பல் இல்லை. அந்தக் கொப்பியை நான் வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் பலமுறை வாசித்திருக்கிறேன். கிழக்கிலங்கையின் அறுபது ஆண்டுப் பொருளாதார வரலாறு அதில் இருக்கிறது. போர் எப்போது வந்தது, பாதை எப்போது திறந்தது, உழவு இயந்திரம் எப்போது மாட்டைத் துரத்தியது, பசளை விலை எப்போது ஏறியது என்பனவெல்லாம் அந்தக் கூலிக்கணக்கில் தெரிகின்றன. ஒரு சுவடிக்கூடத்தில் வைக்கத்தக்க ஆவணம் அது. ஆனால் அதுபோன்ற கொப்பிகள் எமது ஊர்களில் மவுத்து வீட்டுச் சுத்திகரிப்போடு எரிக்கப்படுகின்றன.

மூன்று வீட்டு உறுதிகளிலும் நன்கொடை கொடுத்தவர் என்ற ஓரிடத்தைத் தவிர அவர் பெயர் இல்லை. ஒருமுறை இதைப் பற்றி நான் கேட்டபோது, "பேர எழுதினா செங்கல்லு கனக்குமா மனே?" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

இரண்டு பக்கமும்

இதை வாசிப்போர் மனதில் ஒரு கேள்வி எழும் என்பதை அறிவேன். சீதனக் கொடுமையை எதிர்த்து நமது கவிஞர்களும் கதாசிரியர்களும் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். நீர் அதனைப் புகழ்கிறீரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

நான் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறேன். தந்தை தன் விருப்பில் மகளுக்கு ஒரு கூரையைக் கொடுப்பது ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் இத்தனை அறை, இத்தனை இலட்சம், இன்ன வாகனம் என்று விலை பேசுவது வேறொன்று. முதலாவது, பெண்ணுக்குப் பாதுகாப்பு. விதவையானாலும் விவாகரத்தானாலும் அவள் தெருவுக்கு வருவதில்லை. போர்க்காலத்தில் கணவரை இழந்த எத்தனையோ தாய்மார் பிள்ளைகளை வளர்த்தது வாப்பா கட்டிய அந்தச் சுவர்களுக்குள்தான். இரண்டாவது, தந்தையின் முதுகெலும்பை முறிப்பது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைப் பற்றிப் பேசுகின்றது. மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்பட்டது என்றே அதனை வரையறுக்கின்றது. அதாவது, சட்டத்தின் கண்ணில் அது பெண்ணின் பணம். நடைமுறையில் அது யாருடைய பணமாயிற்று என்பதை வாசகர் அறிவர்.

மார்க்க ரீதியான வினாவும் உண்டு. எமது வாரிசுரிமை 1806ஆம் ஆண்டின் கோவையிலிருந்தும், பின்னர் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைச் சட்டத்திலிருந்தும் ஷரீஅத் முறைப்படி வருவது. அதன்படி மகனுக்கும் பங்குண்டு, மகளுக்கும் பங்குண்டு. ஆனால் வாப்பா உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் வீடாகக் கட்டிக் கொடுத்துவிட்டால், அவர் மவுத்தாகும்போது பங்கிட எதுவும் இராது. ஆண்மக்கள் இதைப்பற்றி முறையிடுவதை நான் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் நான் ஒரே மகன். இரண்டாவது, மூன்றாவது வீடுகளில் எனது கையுழைப்பும், பிந்தியதில் எனது முதற் சம்பளங்களும் சேர்ந்துள்ளன. எனக்கென்று செங்கல்லால் ஒன்றும் வரவில்லை. எனக்கு வந்தது படிப்பு. மீன்பெட்டிக் காலத்திலும், வயலுக்கு ஆள் இல்லாத நாளிலும் என்னைப் பாடசாலையிலிருந்து மறிக்காத மனம். அதுவும் தேட்டம்தான். அதற்கு உறுதி எழுதப்படுவதில்லை.

உம்மாமாரை விட்டுவிட்டு வாப்பாமாரை மட்டும் புகழ்வதும் சரியன்று. நெல் அவித்துக் குற்றியவர், பாய் இழைத்தவர், கோழி வளர்த்துச் சீட்டுக் கட்டியவர் உம்மா. அந்தக் கொப்பியில் 'உம்மாட சீட்டு' என்று வரவுப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எமது ஊர்களின் பல தாய்மார் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். இன்று மகளுக்கு வீடு கட்டும் பணம் பல குடும்பங்களில் தாயின் வியர்வையாக இருக்கிறது. நாளை இதே கட்டுரையை என் மாணவர் ஒருவர் எழுதினால் அது 'உம்மாமாரின் தேட்டம்' என்றே அமையக்கூடும். அப்படி அமையட்டும்.

செய்ய வேண்டியது

சில ஆண்டுகளாக ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு நான் ஒரு ஒப்படை கொடுத்து வருகிறேன். 'எங்கள் வீட்டின் வரலாறு' என்பது தலைப்பு. இந்த வீட்டை யார் கட்டியது, எந்த ஆண்டு, காசு எங்கிருந்து வந்தது, முன்னர் இந்த இடத்தில் என்ன இருந்தது, கட்டியவர் என்ன தொழில் செய்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு எழுத வேண்டும். முதல் ஆண்டு பிள்ளைகள் அரைப்பக்கத்தோடு வந்தனர். கேட்கக் கற்றுக்கொடுத்த பின் பக்கங்கள் கூடின. ஒரு பிள்ளை, தன் மூத்தவாப்பா மாட்டு வண்டியில் நெல் ஏற்றிச் சென்ற பாதையை ஊர் ஊராக எழுதி வந்தாள். இன்னொருவன், தங்கள் வீட்டு நிலைக்கதவு சூறாவளியில் விழுந்த மரத்தில் செய்ததென்று கண்டுபிடித்து வந்தான். தந்தையை 1990இல் இழந்த ஒரு தகப்பனார், தன் மகனின் கொப்பிக்காக முப்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அந்த நாளைப் பற்றிப் பேசினார். அந்த ஒப்படைக்குப் புள்ளி போட எனக்குக் கை வரவில்லை. ஒப்பம் மட்டும் இட்டேன்.

இந்த வேலைக்கு அதிக காலம் மீதமில்லை. கல்லோயா வாய்க்காலை வெட்டக் கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். மாடு வளைத்துச் சூடடித்த கடைசித் தலைமுறையும் எழுபதில் நிற்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டியதை இந்தப் போகத்திலேயே கேட்டுவிட வேண்டும். அடுத்த போகத்தில் அவர்கள் வாடியில் இருப்பார்களா என்பது நிச்சயமில்லை.

எனவே இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் நான் கேட்பது சிறிய விடயமே. உங்கள் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். அதில் 'நன்கொடை கொடுத்தவர்' என்ற இடத்தில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் என்ன வேலை செய்தார், எத்தனை ஆண்டில் அந்தச் சுவரை எழுப்பினார், எந்தக் கடனைக் கடைசியாகத் தீர்த்தார் என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய கணக்குக் கொப்பியோ, பெர்மிற்றோ, நெல் விற்ற துண்டோ இருந்தால் எரிக்காதீர்கள். ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலை நூலகத்தில் கொடுங்கள். நூலகப் பொறுப்பாசிரியர் இடமில்லை என்று சொன்னால், இடம் பண்ணித் தரும்படி கேளுங்கள். எங்கள் பாடசாலையில் அதற்கென ஓர் அலுமாரித் தட்டு ஒதுக்கியிருக்கிறோம். வாப்பாவின் கொப்பியின் பிரதியொன்றும் அதில் இருக்கிறது. அதன் மேலட்டையில் அவருடைய முழுப்பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.